பதினோரு மணிப் பசி: பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தான சாப்பாட்டைப் பற்றிப் பள்ளிகளில் பேச்சுக்குக் குறைவே இல்லை. சுவரில் காய்கறிப் படம் ஒட்டுகிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம். ஆனால் பதினோரு மணி இன்டர்வெல்லில் பசியோடு வெளியே வரும் பிள்ளையின் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் பழக்கமாகிறது. அந்த நேரத்தைக் கவனிக்காமல் விடுவதே பெரிய தவறு.

அந்தப் பசி காலையிலேயே தொடங்கிவிடுகிறது. நெல்லைப் பக்கம் "காப்பி குடிச்சாச்சா?" என்றால் காலைப் பலகாரமும் அதில் அடக்கம். வெறும் காப்பியோடு பஸ் ஏறிய பிள்ளையும் "ஆமா சார்" என்றுதான் சொல்லும். "என்ன சாப்பிட்ட, எத்தனை இட்லி?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறது. பள்ளியும் பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் தூரமாகிறது. பிரேயரில் மயங்கி விழுவது எந்தப் பிள்ளை என்று பார்க்கும்போது இதையும் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது, தடை மட்டும் போடுவது. கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. விதி நல்லதுதான். ஆனால் பாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு வேறொன்றும் கொடுக்காவிட்டால், அதே பாக்கெட் நாளை புத்தகப்பைக்குள் ஒளிந்து வரும். பள்ளி மேலாண்மைக் குழுவினர் வாசலில் கடை போட்டிருப்பவரையே கூப்பிட்டுப் பேசலாம். வாழைப்பழம், கொய்யா, அவிச்ச கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு என்று அவர் விற்கட்டும். அவருக்கும் யாவாரம் கெடாது.

பள்ளியிலேயே சுண்டல் கொடுப்பது இன்னும் நல்லது. பல இடங்களில் ஆசையாகத் தொடங்கி ஒரே மாதத்தில் நின்றுபோவதற்குக் காரணம் செய்முறைதான். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை கணக்கு. 1 கிலோவில் 33 பேருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். 8 மணி நேரம் ஊற வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் ஊறுகிற தண்ணீரே நுரைத்துப் புளித்துவிடும். படுக்கப் போகுமுன் ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். சீக்கிரம் வேக வேண்டுமென்று சோடா உப்புப் போடக் கூடாது. கடலை குழைந்துவிடும், பி வைட்டமின்களில் ஒரு பகுதியும் வீணாகும். காலை ஆறு மணிக்கு வேகவைத்துச் சூட்டோடு தூக்குவாளியில் மூடினால் ஆவி உள்ளேயே வேர்த்து, பதினோரு மணிக்குள் ஊசிப்போகும். அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்த பிறகே மூட வேண்டும். தேங்காய்ப்பூவை, அதாவது தேங்காய்த் துருவலை, பரிமாறும்போது மட்டும் தூவ வேண்டும். கடலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று நூல் விட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஒருநாள் வயிறு கெட்ட பிள்ளை அப்புறம் சுண்டல் பக்கமே வராது.

கீரையில் நடக்கும் தவறு வற்புறுத்துவது. முருங்கைக்கீரையைக் காம்போடு வதக்கி, தட்டு நிறைய வைத்து, "முழுசும் தின்னு" என்று பக்கத்தில் நின்றால் பிள்ளைக்கு வெறுப்புதான் வரும். காம்பை நன்றாக ஆய்ந்து, பாசிப்பருப்பு கலந்து, பசி மிகுந்திருக்கும் முதல் வாயிலேயே ஒரே ஒரு கரண்டி வையுங்கள். மிச்சம் வைத்தால் திட்ட வேண்டாம். புது ருசி நாக்குக்குப் பழக எட்டுப் பத்துத் தடவை ஆகும். இரண்டாம் நாளே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று முடிவு கட்டுவது நம்முடைய அவசரம். கீரை சாப்பிட்ட கையோடும், இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடும் டீ, காப்பி கொடுத்தால் உடம்பில் இரும்பு சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் இருந்தால் ரொம்ப நல்லது.

டிபன் பாக்ஸில் தினமும் புளிச்சோறும் சிப்ஸும் போவதும் மாற வேண்டும். நம் வீட்டு உளுந்தஞ்சோறே இருக்கிறதே! இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் தேங்காய்ப்பூ. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தொலியை நீக்கிய வெள்ளை உளுந்தில் செய்தால் நார்ச்சத்து குறைந்துவிடும். பருப்பின் பலம் சோற்றிலேயே இருப்பதால், கூடுதலாக ஒரு முட்டையோ பொரியலோ போதும்.

கருப்பட்டி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நினைப்பதும் தவறு. அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சரியாகப் பதில் சொன்னதற்கு மிட்டாய் பரிசு வேண்டாம். எடை பார்க்கும்போது வகுப்பு முன்னால் எத்தனை கிலோ என்று உரக்க வாசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, தண்ணீர். பெண்பிள்ளைகள் பலர் வேண்டுமென்றேதான் குடிக்காமல் இருக்கிறார்கள், கழிப்பறைக்குப் போகப் பயந்து. மதியம் வரும் தலைவலிக்கும் சோர்வுக்கும் பல நேரம் அதுதான் காரணம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் தண்ணீர் மணியை அடிப்பதற்கு முன்னால், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.