கெர்னல் விழுந்தால் டம்ப் எடுப்பது: கேடம்ப்புக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்கலாம்?

போன மாதம் நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு டிரைவர், இரண்டு நாளுக்கு ஒரு முறை கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) கீழே தள்ளியது. திரை உறையும், கணினி தானாக ரீபூட் ஆகும், லாகில் ஒரு வரிகூட இருக்காது. விழுந்த கணத்தில் ரேமில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் காரணம் தெரியும். அந்த ரேமை ஒரு கோப்பாக (டம்ப்) எடுத்துத் தரவே லினக்ஸில் கேடம்ப் இருக்கிறது, 2005-இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்தே. நிறுவுவது பத்து நிமிட வேலை. அதற்கு நினைவகம் ஒதுக்குவதில்தான் எனக்கு மூன்று இரவுகள் போயின.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நான் பயன்படுத்துவது உபுண்டு.

முதலில் இது வேலை செய்யும் விதம். விழுந்துவிட்ட கெர்னலை நம்பி வட்டில் எதையும் எழுத முடியாது. அதனால் பூட் ஆகும்போதே ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி, இரண்டாவது கெர்னல் ஒன்றை அதில் ஏற்றி வைத்துவிடுவார்கள். பேனிக் (கெர்னல் தொடர முடியாமல் விழுவது) வந்ததும், வேறு கெர்னலுக்கு நேரடியாக மாறும் வசதியான கெக்ஸெக் வழியாக அதற்குள் தாவும். நடுவில் பயாஸ் வராததால் பழைய ரேம் அப்படியே இருக்கும். ப்ராக் அடைவில் விஎம்கோர் என்ற கோப்பாக அது தெரியும். அதைப் படித்து வட்டில் எழுதுவது மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி.

படி 1: நிறுவுதல்

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-கிராஷ்டம்ப். கேட்கும் கேள்விகளுக்கு 'யெஸ்' சொல்லி, ரீபூட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

படி 2: ஒதுக்கீடு

அளவைச் சொல்வது கிராஷ்கெர்னல் என்ற பூட் அளவுரு. பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து, ஈடிசி-டிஃபால்ட்டில் இருக்கும் க்ரப் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) கோப்பில் 128 எம் (மெகாபைட்) என்று எழுதினேன். எந்த மாற்றமும் இல்லை. காரணம், க்ரப்.டி அடைவுக்குள் கேடம்ப்-டூல்ஸ்.சிஎஃப்ஜி என்று இன்னொரு கோப்பு இருக்கிறது. அது தன் பங்குக்கு இன்னொரு கிராஷ்கெர்னலைப் பின்னால் சேர்த்துவிடுகிறது. இரண்டு இருந்தால் கெர்னல் கடைசியாக வருவதைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே இந்த இரண்டாவது கோப்பில் மட்டும் திருத்துங்கள். அப்புறம் சுடோ அப்டேட்-க்ரப், ரீபூட்.

ரீபூட் ஆனதும் கேடம்ப்-கான்ஃபிக் ஷோ என்று அடித்தால் 'ரெடி டு கேடம்ப்' என்று வர வேண்டும். சிஸ் அடைவில் கெர்னலுக்குக் கீழே கெக்ஸெக்_கிராஷ்_சைஸ் என்ற கோப்பு, ஒதுக்கிய அளவைப் பைட்டில் காட்டும்.

படி 3: வேண்டுமென்றே விழ வைத்தல்

இதை முதலில் ஒரு மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். எனக்கு வெர்ட்-மேனேஜர்தான் பிடிக்கும், சீரியல் கன்சோலை (கெர்னலின் செய்திகள் எழுத்தாக வரும் தொடர் இணைப்பு) எளிதாகத் திறந்து பார்க்க முடிகிறது. சீரியல் கன்சோல் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கெர்னல் அளவுருவில் கன்சோல்=டிடிஒய்எஸ்0 சேர்த்துவிடுங்கள். பிறகு ரூட்டாக, ப்ராக் அடைவில் இருக்கும் சிஸ்ரெக்யூ-ட்ரிகர் கோப்பில் 'சி' என்ற ஒற்றை எழுத்தை எக்கோ மூலம் எழுதினால் பேனிக் வரும்.

எனக்கும் பேனிக் வந்தது, ரீபூட்டும் ஆனது. ஆனால் வார் அடைவில் உள்ள கிராஷ் ஃபோல்டரில் டம்ப் எதுவும் இல்லை. 'ரெடி' என்று சொன்ன கருவி ஏன் எழுதவில்லை என்று இரண்டு இரவுகள் கேடம்ப் அமைப்பையே குடைந்துகொண்டிருந்தேன். சீரியல் கன்சோலை இணைத்த பிறகுதான் தெரிந்தது: இரண்டாவது கெர்னல் பூட் ஆகியிருக்கிறது, ஆனால் 'அவுட் ஆஃப் மெமரி' வந்து மேக்டம்ப்ஃபைலையே கொன்றிருக்கிறது. 'ரெடி' என்றால் கெர்னல் அந்த இடத்தில் ஏறிவிட்டது என்று மட்டும்தான் பொருள். ஓடுவதற்கு இடம் போதுமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கெர்னலுக்கு ஒதுக்கிய பகுதிதான் மொத்த ரேமும். கெர்னல், விரித்த இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ரேமில் ஏறும் சிறு கோப்பு முறைமை), டிரைவர்களின் பஃபர்கள், மேக்டம்ப்ஃபைல் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். 64 ஜிபி ரேம் என்றால் டம்ப்புக்கும் 64 ஜிபி ஒதுக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். மேக்டம்ப்ஃபைல் பழைய ரேமைத் துண்டு துண்டாகப் படித்துத்தான் எழுதும். டி 31 என்ற அளவுரு கொடுத்தால் பூஜ்யப் பக்கங்கள், கேஷ், பயனர் நிரல்களின் பக்கங்கள், காலிப் பக்கங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடும். ஆக, மொத்த ரேமைவிட இரண்டாவது கெர்னல் எதையெல்லாம் சுமக்கிறது என்பதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

நான் செய்தது: முதலில் 512 எம் கொடுத்தேன், டம்ப் வந்துவிட்டது. பிறகு குறைத்துப் பார்த்தேன். இதற்கு ஒவ்வொரு முறையும் க்ரப்பைத் திருத்த வேண்டியதில்லை. கேடம்ப்-கான்ஃபிக் அன்லோட் செய்து, கெக்ஸெக்_கிராஷ்_சைஸில் சிறிய எண்ணை எழுதி, மறுபடி லோட் செய்தால் போதும். அன்லோட் செய்யாவிட்டால் எழுத விடாது. குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. மெய்நிகர் கணினியில் 256 எம் போதுமானதாக இருந்தது.

உண்மையான கணினியில் அதே 256 போதவில்லை. அங்கே ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டாவது கெர்னலிலும் ஏறி இடத்தைத் தின்றது. டம்ப் எடுக்கக் கிராஃபிக்ஸ் எதற்கு? ஈடிசி-டிஃபால்ட்டில் கேடம்ப்-டூல்ஸ் கோப்பைத் திறந்து, கேடம்ப்_சிஎம்டிலைன்_அப்பெண்ட் என்ற வரியில் மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=ஏஎம்டிஜிபியு சேர்த்தேன். ஏற்கெனவே அந்த வரியில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். டம்ப் வந்தது.

படி 4: திறந்து பார்த்தல்

ஜிடிபி என்ற பொதுவான டீபக்கரைவிட கிராஷ் என்ற கருவியே இதற்கு நல்லது என்பது என் கருத்து. டீபக் தகவலுள்ள விஎம்லினக்ஸ் கோப்பு வேண்டும், அதுவும் விழுந்த கெர்னலின் அதே பதிப்பு. உள்ளே போய் 'பிடி' என்று அடித்தால் அழைப்பு வரிசை வரும். நான் ஏற்கெனவே விடுவித்த ஒரு பஃபரை என் டிரைவரே மறுபடி தொடுவது அங்கே தெரிந்தது.

பின்சேர்க்கை 1: 1 ஜிபி மெய்நிகர் கணினியில் ஒதுக்கீடே நடக்கவில்லை என்று ஒருவர் எழுதினார். சிஎஃப்ஜி கோப்பில் '2ஜி-4ஜி:320எம்' மாதிரி வரம்புகள் இருந்தால், 2 ஜிபிக்குக் குறைவான ரேமுக்கு எதுவும் ஒதுக்கப்படாது. வரம்பை எடுத்துவிட்டு ஒற்றை எண் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: 512 கொடுத்தும் வட்டைத் திறக்கும் இடத்தில் நினைவகம் தீர்ந்துவிடுகிறது என்றார் இன்னொருவர். அவருடைய வட்டு லக்ஸ்2 முறையில் குறியாக்கம் செய்யப்பட்டது. அதன் ஆர்கான்2 கடவுச்சொல் கணக்கீட்டுக்கு மட்டுமே 1 ஜிபி வரை தேவைப்படலாம். குறியாக்கம் இல்லாத தனிப் பகிர்விலோ, எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியிலோ டம்ப்பை எழுத வையுங்கள். வேறு கணினிக்கு அனுப்பும்போதும் ரூட் பகிர்வைத் திறக்க வேண்டியிருந்தால் சிக்கல் அப்படியே இருக்கும். அவர் ஒதுக்கீட்டையே 1.5 ஜிபிக்கு மேல் கூட்டிச் சமாளித்தார், அவருடையது 32 ஜிபி கணினி என்பதால் கட்டுப்படியானது.