இனாண்டா அணையில் மிதவையுயிரிகளையும் நீர்ச்செடிகளையும் கணக்கெடுக்கும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே கடலில் சேரும் உம்கேனி ஆறு, கடலைத் தொடும் முன் நான்கு அணைகளில் தேங்கி வருகிறது: மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், கடைசியாக இனாண்டா. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக வரும் டுசி ஆறு நேகலுக்குக் கீழேதான் கலக்கிறது. அதனால் நகரக் கழிவின் பாஸ்பரஸும் நைட்ரஜனும் இனாண்டாவில் வந்து குவிகின்றன. நீரில் மிதக்கும் நுண்ணிய பாசி திடீரெனப் பெருகிப் பூப்பதும் வெங்காயத்தாமரை பரவுவதும் அங்கே அடிக்கடி நடப்பது இதனால்தான். ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நீர்நிலை அருகில் இல்லை.

அணை கட்டிய ஆறு ஒரே தண்ணீர் அல்ல. ஆறு நுழையும் முனையில் ஓட்டமும் வண்டலும் அதிகம். வெளிச்சம் உள்ளே போகாது, பாசி குறைவு. நடுப்பகுதியில் வண்டல் படிந்துவிடும், உரச்சத்து மட்டும் மிஞ்சும். பாசி செழிப்பது அங்கே. சுவருக்கு அருகே ஆழம் அதிகம். கோடையில் மேல்நீர் சூடாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் பிரிந்து நிற்கும். ஆகவே மூன்று இடத்திலும் எடுங்கள். சுவரோரம் மிதவைகள் கட்டிய தடைக்கோட்டைத் தாண்டாதீர்கள். அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கே வேலையைத் தொடங்குவது நல்லது. காற்று எழுந்தால் மேலே மிதக்கும் பாசி ஒரே கரைக்கு ஒதுங்கிவிடும். அங்கே எடுத்த போத்தல் அணை முழுவதற்கும் பொய் சொல்லும். இன்னொரு காரணம் பில்ஹார்சியா, நீரில் இறங்குவோரின் தோல் வழியாக நுழையும் புழுநோய். நத்தையிலிருந்து அதன் புழுக்குஞ்சுகள் அதிகம் வெளியேறுவது முற்பகல் கடைசியிலிருந்து பிற்பகல் வரை, அதுவும் செடி அடர்ந்த கரையோரத்தில். முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது.

முதலில் நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. 20 செ.மீ. விட்டம், கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள், 10 செ.மீ.க்கு ஒரு குறி போட்ட கயிறு. படகின் நிழல் பக்கத்தில் இறக்கி, தட்டு மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, சராசரி எடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். 30 செ.மீ.யிலேயே மறைந்தால் உடனே பாசி என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் மொண்டு பாருங்கள்: பழுப்பு என்றால் வண்டல், பச்சை என்றால் பாசி. கோடை மழைக்குப் பிறகு பெரும்பாலும் வண்டல்தான்.

பலர் வலையை இழுத்து, கிடைத்ததை எண்ணி, அதையே கணக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 20 மைக்ரான் வலையில்கூடச் சிறு பாசிகள் நழுவிப் போகும். பெரிய கூட்டங்கள் மட்டும் தங்கும். என்ன இனம் இருக்கிறது என்று பார்க்க வலை போதும். எத்தனை இருக்கிறது என்று சொல்ல வடிகட்டாத முழுத்தண்ணீர் வேண்டும்.

அதற்குத் தோட்டத்து ஹோஸ் பைப் போதும். 5 மீட்டர் நீளம், 2.5 செ.மீ. உள்விட்டம் இருந்தால் ஏறக்குறைய 2.45 லிட்டர் பிடிக்கும். அடிமுனையில் எடையும் ஒரு தனிக் கயிறும் கட்டுங்கள். மேல்முனையைத் திறந்தபடி மெதுவாக, செங்குத்தாக இறக்குங்கள். வேகமாக இறக்கினால் உள்ளே ஏறும் தண்ணீர் எல்லா ஆழத்தையும் சமமாகக் காட்டாது. முழுவதும் இறங்கியதும் மேல்முனையைக் கார்க்கால் இறுக்கி அடைத்து, கயிற்றைப் பிடித்து அடிமுனையை முதலில் மேலே கொண்டுவந்து, வாளியில் ஊற்றுங்கள். தரைக்கும் பைப்புக்கும் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சேறு ஏறும். வாளியைக் கலக்கிக்கொண்டே 500 மி.லி. கண்ணாடிப் போத்தலை நிரப்புங்கள்.

மாதிரி கெடாமல் இருக்க உடனே லூகோல் என்னும் அயோடின் கரைசல் சேர்க்க வேண்டும். 20 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்த பிறகே 10 கிராம் அயோடினைப் போடுங்கள். வெறும் தண்ணீரில் அயோடின் கரையாது. 200 மி.லி. ஆக்கி, 20 மி.லி. அடர் அசிட்டிக் அமிலம் சேருங்கள். 500 மி.லி.க்கு 3 முதல் 5 மி.லி. போதும், நிறம் லேசான கறுப்புத் தேநீர் போல வரவேண்டும். இருட்டில் வைத்து, நிறம் வெளுத்தால் மேலும் கொஞ்சம் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் போத்தல் அயோடினை உறிஞ்சிவிடும்.

100 மி.லி.யை அளவுக் குடுவையில் ஊற்றி மூன்று நாள் அசையாமல் வையுங்கள். பிறகு மேலே உள்ள 90 மி.லி.யை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தால், எல்லாம் 10 மி.லி.க்குள் அடங்கும். இங்கேதான் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி கெடுக்கும். அதன் செல்களுக்குள் வாயுப் பைகள் இருப்பதால் படியாமல் மேலேயே மிதக்கும். மேல்நீரை எடுக்கும்போது அதுவும் போய்விடும். அதனால் லூகோல் சேர்க்கும் முன்பே இந்த 100 மி.லி.யைத் தனியாக எடுத்து, 20 மி.லி. சிரிஞ்சில் காற்றில்லாமல் பகுதி பகுதியாக நிரப்பி, நுனியை அடைத்து, தண்டைப் பலமாக அழுத்துங்கள். பால் கலந்தது போன்ற வெளிர்பச்சை சட்டென்று தெளிந்து இருண்ட பச்சையாக மாறும். பைகள் உடைந்துவிட்டன, இனி படியும். இந்தப் பாசி கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியது என்பதால், நுரை பூத்த நாளில் கையுறை கட்டாயம்.

நுண்ணோக்கியில் எண்ணுவதற்கு செட்ஜ்விக்-ராஃப்டர் என்னும் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு: 1 மி.லி. கொள்ளும், ஒவ்வொன்றும் 1 மைக்ரோலிட்டரான 1000 கட்டங்கள். 30 கட்டத்தில் 240 செல் என்றால் கட்டத்துக்கு 8, அதாவது மி.லி.க்கு 8000, பத்து மடங்கு செறிவாக்கியிருப்பதால் அணைநீரில் மி.லி.க்கு 800. மைக்ரோசிஸ்டிஸைக் கூட்டமாக எண்ணித் தனியே எழுதுங்கள். மற்றப் பாசிகளில் கொம்புகள் நீட்டியது செரேஷியம், சங்கிலியாய் நீண்டது ஆலகோசைரா, பல்சக்கரம் போன்றது பெடியாஸ்ட்ரம்.

டாஃப்னியா (நீர்த்தெள்ளு) போல நீரில் மிதந்து திரியும் நுண்விலங்குகளான விலங்கு மிதவையுயிரிகளுக்கு 64 மைக்ரான் வலை, 30 செ.மீ. வாய். 10 மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாக இழுத்தால் கணக்குப்படி 707 லிட்டர் வடியும். வினாடிக்கு அரை மீட்டர் வேகம், அதாவது 20 வினாடி. வேகம் கூடினால் வாயருகே நீர் தள்ளப்பட்டு டாஃப்னியாக்கள் விலகிவிடும். பாசி பூத்த நாளில் வலைக்கண்கள் அடைபட்டு 707 லிட்டர் என்பது வெறும் காகிதக் கணக்காகிவிடும். இழுக்கும் ஆழத்தை 3 மீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள், 212 லிட்டர். வலையை வெளிப்புறமிருந்தே அலசுங்கள். பிடித்ததை முதலில் குளிர்ந்த சோடாவில் மயக்கி, பிறகு பதப்படுத்துங்கள். வெறும் ஃபார்மலினில் போட்டால் டாஃப்னியாவின் ஓடு உப்பி முட்டைகள் சிதறும். மாதிரி ஒரு பங்குக்கு 95 சதவீத எத்தனால் மூன்று பங்கு ஊற்றினால் 71 சதவீதம் வரும், அது போதும். பகலில் இவை ஆழத்துக்கு இறங்கும், ஆகவே இழுத்த நேரத்தை எழுதாத மாதிரி பயன்படாது.

செடிகளுக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம். உள்ளே விழுந்த வெங்காயத்தாமரையைத் தூக்கி, ஐந்து நிமிடம் வடியவிட்டு நிறுத்து, நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான எடை. இலையில் 3, 4 மி.மீ. வெளிறிய வட்டத் தழும்புகள் உள்ளனவா பாருங்கள். இந்தச் செடியைக் கட்டுப்படுத்த 1974 முதல் தென்னாப்பிரிக்காவில் விடப்பட்ட நியோகெட்டினா வண்டு கடித்த அடையாளம் அது. தழும்புள்ள இலைகளையும் எண்ணுங்கள். எடை போட்டதும் அங்கேயே விடுங்கள்: சட்டப்படி அயல் ஊடுருவுச் செடிகளின் 1பி பிரிவில் உள்ள செடி, வீட்டுத் தொட்டிக்கு எடுத்துப் போகக் கூடாது.

நீருக்குள் மூழ்கிய செடிகளுக்கு இரண்டு ரேக் தலைகளை முதுகோடு முதுகு கட்டி 10 மீட்டர் கயிற்றில் வீசி இழுங்கள். தண்டைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து இலைகள் வட்டமாக அமைந்து, விளிம்பு பல்போல் உரசினால் ஹைட்ரில்லா என்னும் அயல் ஊடுருவுச் செடியாக இருக்கலாம். வேரில் சிறு கிழங்கு இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இந்த நாட்டில் அது 2006இல் ஜோஸினி அருகே பொங்கோலாபூர்ட் அணையில் கண்டறியப்பட்டது. அது பரவ, ஒரு துண்டுத் தண்டு டிரெய்லரில் ஒட்டி வந்தாலே போதும். படகு, வலை, பூட்ஸ் எல்லாவற்றையும் கரையிலேயே அலசி, முழுவதும் காயவிட்ட பிறகே பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றுங்கள்.

போத்தலுக்குள் போடும் சீட்டில் இடம், ஆழம், நேரம், செக்கி அளவு நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.