தாத்தாவின் ரயில்வே வாட்ச்: நின்றுபோன எஸ்கேப்மெண்டை ஓட வைத்த கதையும் செய்முறையும்

எங்க தாத்தா தென்னிந்திய ரயில்வேயில் கார்டு. திருநெல்வேலிக்கும் செங்கோட்டைக்கும் ஓடின மீட்டர்கேஜ் வண்டியில் பச்சைக்கொடி காட்டினவர். அவர் கோட்டுப் பையில் கிடந்த ஸ்விஸ் பாக்கெட் வாட்ச், தேய்மானம் தாங்க 15 கல் பதிச்சது, ஆச்சியோட மரப்பெட்டிக்குள்ளே பல வருஷம் இருந்துட்டு என் கைக்கு வந்தது. சாவி கொடுத்தா நாலு டிக் சத்தம், அப்புறம் நின்னுடும். குலுக்கினா இன்னொரு பத்து டிக். ரெண்டு கடையில் காட்டினேன். "எஸ்கேப்மெண்ட் போச்சு, பார்ட்ஸ் கிடையாது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. எஸ்கேப்மெண்ட்னா, ஸ்பிரிங்கோட வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு டிக் டிக்னு ஓட வைக்கிற பகுதி.

நாலு மாசம் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு பார்ட் கூடப் போகலைன்னு தெரிஞ்சது. பழைய எண்ணெய் பசையாகி இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான். உண்மையான சேதாரத்தை நான்தான் நடுவில் உண்டாக்கினேன், அதையும் நானே சரி பண்ணினேன். அந்த இடத்தில் யாரும் சிக்கிடக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதலில் உங்க வாட்ச் எந்த வகைன்னு பாருங்க

பின்மூடியைத் திறந்து, பேலன்ஸ் வீலுக்கும் (இப்படியும் அப்படியும் ஆடுற சக்கரம்) எஸ்கேப் வீலுக்கும் (சக்கர வரிசையில் கடைசிப் பல்சக்கரம்) நடுவில் கவட்டை மாதிரி ஒரு துண்டு இருக்கான்னு பாருங்க. அதன் ரெண்டு கையிலும் சிவப்புக் கல் இருந்தா அது லீவர் வாட்ச். 1755 வாக்கில் இங்கிலாந்தில் தாமஸ் மட்ஜ் கண்டுபிடிச்ச அமைப்பு, இன்னைக்கு வர்ற மெக்கானிக்கல் வாட்சிலும் பெரும்பாலும் அதுதான். கல்லுக்குப் பதில் இரும்பு ஊசி நின்னா பின் பேலட். கவட்டையே இல்லாம எஸ்கேப் வீல் நேரா பேலன்ஸ் அச்சில் போய் முட்டினா சிலிண்டர் வாட்ச். சிலிண்டரையும், உள்ளே சின்னச் சங்கிலி ஓடுற பழைய இங்கிலீஷ் வாட்சையும் முதல் வேலையா எடுக்காதீங்க. நான் சொல்றது லீவர் வாட்சுக்கு மட்டும்.

குளத்து மடையில் நீர்பாய்ச்சி பலகையைத் தூக்கி, கொஞ்சம் தண்ணி விட்டு, மறுபடி இறக்குவார் இல்லையா, கவட்டை செய்றதும் அதேதான். சாவி கொடுத்து முறுக்கின ஸ்பிரிங்கோட மொத்த வேகமும் எஸ்கேப் வீல் வரை வந்து நிக்குது. பேலன்ஸ் ஒவ்வொரு தடவை ஆடும்போதும் கவட்டை ஒரு பக்கத்துக் கல்லை விலக்கி, பல்லை நகரவிட்டு, மறுபக்கத்துக் கல்லால் பிடிச்சு நிறுத்துது. எங்க தாத்தா வாட்சில் மணிக்கு 18,000 டிக், அதாவது நொடிக்கு அஞ்சு. ஒவ்வொரு டிக்கிலும் அந்தக் கல்லில் பல் உரசுறதால, அங்கே துளி பிசுக்கு இருந்தாலும் வாட்ச் நின்னுடும்.

சாமான்கள்

பத்து மடங்கு காட்டுற ஐ கிளாஸ் ஒண்ணு. ட்வீசர் ரெண்டு. நகை ஆசாரிமார் வச்சிருக்கிற சாவணம் தடிமனா இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. திருப்புளியில் மட்டும் காசைப் பார்க்காதீங்க. மட்டமானதோட முனை மடங்கி ஸ்க்ரூ தலையைச் சிதைச்சுடும், பிறகு கழற்றவே முடியாது. மூங்கில் பல்குத்தியைக் கூரா சீவி வச்சுக்கோங்க, கல் துளைகளைத் துடைக்க அது போதும்.

அச்சுமுனையைத் துடைக்க வெளிநாட்டில் ஒரு மரத்தோட சோற்றைப் பயன்படுத்துறாங்க. அதைத் தேடி அலையாதீங்க, நம்ம நெட்டி அதைவிட நல்லா இருக்கு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டுற நெட்டி மாலை இருக்கே, அதில் சாயம் ஏறாத வெள்ளைத் துண்டு ரெண்டை எடுத்து வச்சா ஒரு வருஷத்துக்கு வரும். அச்சுமுனையை அதில் குத்தி எடுத்தா அழுக்கு மொத்தமும் நெட்டியில் தங்கிடும்.

ஆனி ஆடியில் இந்த வேலையைத் தொடங்காதீங்க. பாளையங்கோட்டையில் ஜன்னலைச் சாத்தினாலும் அந்தக் காத்துப் புழுதி மேஜையில் படியும். ஃபேனும் போடக் கூடாது. வியர்வைக் கை பட்ட இரும்பு மறுநாளே துருப்பிடிக்கும், அதனால் விரலுக்கு ரப்பர் உறை போட்டுக்கிட்டு காலையில் அஞ்சு மணிக்கு உட்காருவேன். ஒரு துண்டின் ஒரு ஓரத்தை மேஜையில் ஒட்டி, மறு ஓரத்தைக் கழுத்தில் கட்டிக்கோங்க. தெறிக்கிற ஸ்க்ரூ மடியில்தான் விழும்.

சாவியை இறக்குங்க

டயல், முள் கழற்றுறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுக்கப்புறம் தலையை (சாவி கொடுக்கிற குமிழை) விரலால் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, முறுக்கு பின்னோக்கி அவிழாம தடுக்கிற கிளிக்கை விலக்கி, தலை மெதுவா பின்னோக்கிச் சுத்த விடுங்க. ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது கவட்டையைக் கழற்றினா எல்லாச் சக்கரமும் ஒரே வேகத்தில் ஓடி பல்லோ அச்சுமுனையோ போயிடும். பிறகு பேலன்ஸை அதன் பாலத்தோடு (மேலே பிடிச்சிருக்கிற உலோகத் துண்டோடு) தூக்குங்க. ஹேர் ஸ்பிரிங்கில் (பேலன்ஸோட மெல்லிய சுருளில்) தொங்க விட்டு வேடிக்கை பார்க்காதீங்க. உடனே புரட்டி வச்சுடுங்க.

கவட்டையைக் கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை

இதைச் செய்யாமக் கழற்றவே கழற்றாதீங்க. பேலன்ஸ் இல்லாத நிலையில் தலையை ரெண்டு மூணு கிளிக் மட்டும் திருப்புங்க. மெல்லிய ஊசியால் கவட்டை வாலை (பேலன்ஸ் பக்கம் நீளுற பிளவு முனையை) லேசாத் தள்ளினா அது டக்குன்னு மறுபக்கம் தாவணும். தாவின பிறகு ஐ கிளாஸில் பாருங்க. பல்லோட முனை, கல்லின் பக்கவாட்டு முகத்தில், மூலையைக் கொஞ்சம் தாண்டி உட்கார்ந்திருக்கணும். சாய்வா இருக்கிற முனை முகத்திலேயே உட்கார்ந்தா பிடி பத்தலைன்னு அர்த்தம். ரொம்ப உள்ளே போய் உட்கார்ந்தா பிடி அதிகம், பேலன்ஸ் அதை விலக்கவே திணறும்.

அடுத்து, வாலைத் தாவாத அளவுக்குக் கொஞ்சம் நகர்த்திட்டு விடுங்க. அது தானா பழைய இடத்துக்கே திரும்பி ஒட்டிக்கணும். இந்த இழுப்பு இருந்தாத்தான் நடக்கும்போது அதிர்ச்சியில் வாட்ச் நிக்காது. எஸ்கேப் வீலில் 15 பல், கல் ரெண்டு, ஆக 30 தடவை இப்படிப் பார்க்கணும். தாளில் கோடு போட்டுக் குறிச்சுக்கோங்க. எனக்கு முப்பதும் சரியாத்தான் இருந்தது. அதாவது கல்லைத் தொடவே வேண்டியதில்லை. அப்பவே தெரிஞ்சிருந்தா மூணு மாசம் மிச்சம். சோதனை முடிஞ்சதும் அந்த முறுக்கையும் இறக்கிட்டுத்தான் கவட்டையைக் கழற்றணும்.

நான் சிக்கின இடம்: அரக்கு

கவட்டையில் அந்த ரெண்டு கல்லும் அரக்கால்தான் ஒட்டியிருக்கு. பேலன்ஸ் அடியில் இருக்கிற சின்னக் கல்லும் அப்படித்தான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். எனக்கு இது தெரியாது. மீதிப் பார்ட்ஸ் மாதிரியே கவட்டையையும் ஸ்பிரிட்டில் போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சேன். விடிஞ்சு பார்த்தா கண்ணாடிக் கிண்ணத்து அடியில் கசகசா அளவில் ரெண்டு சிவப்புப் பொட்டு. வெறுங்கவட்டை தனியாக் கிடந்தது. தாத்தா கைப்பட்ட சாமானைக் கெடுத்துட்டோமேன்னு அன்னைக்கு முழுக்க யாரோடும் பேசலை.

அதனால கவட்டைக்கு லைட்டர் பெட்ரோல் மட்டும்தான். அதில் அரக்கு கரையாது. ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, கல் முகத்தை நெட்டியால் ஒத்தித் துடைச்சா போதும்.

கல் ஏற்கெனவே விழுந்திருந்தா இப்படி ஒட்டுங்க. ரெண்டு கல்லும் ஒண்ணு போலத் தெரியும், ஆனா முனைச் சாய்வு வேற வேற. மாத்தி வச்சா ஓடாது. நான் மாத்தி வச்சு ரெண்டு வாரம் வீணாக்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வச்சு ஐ கிளாஸில் சாய்வைப் பாருங்க, ஒட்டுறதுக்கு முன்னாடி காடியில் செருகி பல்லோடும் வச்சுப் பாருங்க.

மரச்சாமானுக்கு பாலிஷ் போடுறவங்க வாங்குற அவலரக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு செதிலைச் சுடரில் உருக்கி, ரெண்டு ஊசியால் இழுத்து நூலாக்குங்க. அந்த நூலில் ஒரு பொடித் துண்டை ஒடிச்சு, கவட்டையின் அடிப்பக்கத்தில் கல்லும் உலோகமும் சேர்ற இடத்தில் வைங்க. சின்னப் பித்தளைத் தகட்டில் கவட்டையின் அச்சு உள்ளே போற அளவுக்குத் துளை போட்டு, கவட்டையை அதில் படிய வச்சு, தகட்டை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குங்க. அதுக்கு முன்னாடி பெட்ரோல் பாட்டிலை வேற அறைக்குக் கொண்டுபோயிடுங்க.

சூடு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? தகட்டில் கவட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அரக்குத் துணுக்கை வைங்க. அது பளபளன்னு உருகி விரியும்போது விளக்கை எடுத்துடணும். குமிழி வந்தா அரக்கு கருகுதுன்னு அர்த்தம், சுரண்டிட்டு மறுபடி ஆரம்பிக்கணும். எஃகு 300 டிகிரி பக்கம் போனாத்தான் நீலம் பாயும், அரக்கு உருக அதில் பாதிச் சூடு கூட வேண்டாம். அதனால் பதறாதீங்க. இளக்கமா இருக்கும்போதே கல்லைப் பல்குத்தி முனையால் தள்ளி ஆழத்தைச் சரி பண்ணுங்க. ஆறவிட்டு வாட்சில் மாட்டி முப்பது சோதனையும் பாருங்க. எனக்கு ஏழாவது தடவைதான் சரியா அமைஞ்சது. ஒவ்வொரு தடவையும் தலைமுடி அளவுக்குக் கூட நகர்த்தலை, ஆனா ஐ கிளாஸில் வித்தியாசம் அப்பட்டமாத் தெரிஞ்சது.

எண்ணெய்

எனக்கு முன்னாடி யாரோ அந்த வாட்சுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்காங்க. ஸ்பிரிங் பெட்டியைத் திறந்ததும் மக்கின எண்ணெய் வாடை. மார்கழிக் குளிரில் உறையுற எண்ணெயை வாட்சுக்குள்ளே விட்டா என்ன ஆகும்? தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், பரவி ஓடிடும். வாட்சுக்குன்னே வர்ற மோபியஸ் எண்ணெயில் 9010 சின்னப் பாட்டில் ஒண்ணு, 9415 ஒண்ணு வாங்குங்க. விலை அதிகம்தான், ஆனா ஆயுசுக்கும் தீராது.

எஸ்கேப் வீல் அச்சுமுனைக்கும் பேலன்ஸ் அச்சுமுனைக்கும் 9010. கல் முகத்தில் 9415 ஒரே ஒரு புள்ளி வச்சு, அஞ்சு பல் நகர்த்தி, மறுபடி ஒரு புள்ளி. மூணு தடவையில் பதினைஞ்சு பல்லுக்கும் போய்ச் சேரும். கவட்டையோட அச்சுமுனைக்கு எண்ணெயே கூடாது. அங்கே எண்ணெய் பட்டா கவட்டை மந்தமாயிடும். பேலன்ஸ் கல்லு நுழையுற கவட்டைப் பிளவும் காய்ஞ்சுதான் இருக்கணும்.

திரும்ப மாட்டுறது

கவட்டைப் பாலத்தின் ஸ்க்ரூவை முழுசா இறுக்காம, வாலை ஆட்டிப் பாருங்க. தாராளமா ஆடினா ரெண்டு அச்சுமுனையும் துளையில் உட்கார்ந்திருக்கு. ஆடாதபோது இறுக்கினா முனை முறியும். பேலன்ஸை வைக்கும்போது அதன் அடிக்கல் கவட்டைப் பிளவுக்குள் நுழையணும். கொஞ்சம் சாவி கொடுத்து வச்சிருந்தா, சரியா உட்கார்ந்த உடனே தானா ஆட ஆரம்பிக்கும். எங்க வாட்ச் ஆடின காலையில் அம்மாவைக் கூப்பிட்டுக் காதில் வச்சேன். "அப்பா கோட்டுக்குள்ள கேட்ட அதே சத்தம்லா"ன்னு சொன்னாங்க.

பிற்சேர்க்கை

இதைப் படிச்சுட்டு கடையநல்லூர் அண்ணாச்சி ஒருத்தர் எல்லாம் மாட்டின பிறகு பேலன்ஸ் பாதிச் சுத்திலேயே முட்டி நிக்குதுன்னு எழுதியிருந்தார். படம் பார்த்தேன், கவட்டை தப்பான பக்கம் சாய்ஞ்சிருக்க, அடிக்கல் பிளவுக்கு வெளியே மாட்டியிருக்கு. பலவந்தமாத் திருப்ப வேண்டாம். பேலன்ஸைத் தூக்கி, கவட்டையை மறுபக்கம் தள்ளி, திரும்ப வைங்கன்னேன். ஓடிடுச்சு.

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருத்தருக்கு வாட்ச் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே முந்திப் போகுதாம். ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினா சுருள்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டி இப்படி ஆகும். வாட்சைத் திசைகாட்டிப் பக்கத்தில் வச்சா முள் நடுங்கும். அவர் வாட்சைக் காந்தமூடி வச்ச செல்போன் உறை மேலே வச்சிருந்திருக்கார். காந்தம் எடுக்கிற சின்ன மிஷின் ஆன்லைனில் கிடைக்குது, வாட்சைச் சுவிட்ச் அழுத்தியபடியே மெல்ல விலக்கி எடுக்கணும். அப்படியும் முந்தினா ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கான்னு பாருங்க. லைட்டர் பெட்ரோலில் பேலன்ஸை முக்கி எடுத்தா அது போயிடும்.