கொலம்பஸ்க்கு புதுசா வந்திருக்கீங்களா? ஃபுட்பால் சைட்டுக்கு காசு கட்றதுக்கு முன்னாடி இத படிங்க

சோசியல் செக்யூரிட்டி நம்பர் வந்தாச்சு, பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ணியாச்சு, இட்லி அரிசி எந்த கடைல கிடைக்கும்னு தெரிஞ்சாச்சு. இதெல்லாம் எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க. யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, ஆகஸ்ட் கடைசி இல்லன்னா செப்டம்பர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை காலைல கறிவேப்பிலை வாங்கலாம்னு கெளம்புவீங்க, லேன் அவென்யூ பக்கம் போனா ஊரே செவப்பு சட்டை போட்டுட்டு ரோட்டுல நிக்கும், கார் நகராது, எவனோ உங்கள பாத்து "ஓ ஹெச்"னு கத்துவான். திருப்பி "ஐ ஓ"ன்னு கத்தணும், ரெண்டும் சேந்தா ஒஹையோ. அவ்ளோதான், நீங்களும் ஊர்க்காரர்.

ஒஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டியோட ஸ்டேடியத்துல 1,02,780 பேர் உக்காரலாம். நம்ம சேப்பாக்கம் மாதிரி ரெண்டரை ஸ்டேடியம். இது காலேஜ் பசங்க ஆடற அமெரிக்கன் ஃபுட்பால்னு மொதல்ல கேட்டப்ப எனக்கு நம்பவே முடியல, நம்ம ஊர்ல காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு கிரவுண்டுல பிடி சாரும் நாலு பேரும்தான் இருப்பாங்க.

சரி, மேட்டருக்கு வரேன். சீசன் ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல ஆபீஸ்ல இல்லன்னா லேப்ல ஒருத்தர் வந்து "அந்த ஃப்ளோரிடா பையன் நமக்குத்தான் வரானாம், இன்சைடர் போட்டிருக்காரு"ன்னு (உள்விஷயம் தெரிஞ்ச ரிப்போர்ட்டராம்) ரகசியம் மாதிரி சொல்லி ஒரு லிங்க் அனுப்புவாரு. நீங்களும் பேச்சுல கலந்துக்கணுமேன்னு அமுக்குவீங்க. ரெண்டு வரி தெரியும், மூணாவது வரில பூட்டு படம். கீழ "முதல் மாசம் ஒரு டாலர்"னு பட்டன். அங்கதான் கைய எடுங்கன்னு சொல்றேன், ஏன்னு சொல்றேன் கேளுங்க.

இந்த காசு சைட்டுங்க விக்கறது மேட்ச் செய்தி இல்ல. இத புரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு சீசன் ஆச்சு. ஸ்கோர், யாருக்கு அடி, கோச் என்ன சொன்னாரு எல்லாம் ஓசிலயே கொட்டிக் கெடக்கு. இவங்க விக்கறது ரெக்ரூட்டிங், அதாவது ஹைஸ்கூல் படிக்கற பதினாறு பதினேழு வயசு பையன் எந்த காலேஜுக்கு போகப் போறான்ங்கற கிசுகிசு. ஐபிஎல் ஏலத்துக்கு முன்னாடி எந்த டீம் யார எடுக்கும்னு நம்மாளுங்க விடிய விடிய பேசுவாங்கள்ல, அத வருஷம் முழுக்க நீட்டி, மாசம் பத்து டாலர் போட்டா எப்படி இருக்கும், அதான் இது. முதல் நாள் முதல் ஷோவுக்கு பிளாக்ல டிக்கெட் வாங்கற மாதிரின்னும் வச்சுக்கலாம். படம் அதே படம்தான், நீங்க ஒரு நாள் முன்னாடி பாக்கறீங்க.

இந்த வியாபாரத்தோட கதையே செம காமெடி. 1998ல ரைவல்ஸ்னு ஒரு சைட் ஆரம்பிச்சுது, கொஞ்ச வருஷத்துல ஷானன் டெர்ரின்னு ஒருத்தர் கைக்கு போச்சு, 2007ல யாஹூ வாங்குச்சு. டெர்ரி வெளிய வந்து 2010ல 247 ஸ்போர்ட்ஸ்னு போட்டி கடை போட்டாரு, 2015ல அத சிபிஎஸ்க்கு வித்தாரு. மறுபடி 2021ல ஆன்த்ரீன்னு இன்னொரு கடை. 2025ல அந்த ஆன்த்ரீ பழைய ரைவல்ஸையே யாஹூகிட்ட இருந்து வாங்கிடுச்சு. ஒரே மனுஷன் தெருவுல மூணு கடை நடத்தி, ரெண்ட வித்து, ஒண்ண திரும்ப வாங்கியிருக்காரு. எந்த கடைக்கு போனாலும் சரக்கு ஒண்ணுதான்னு நான் சொல்றதுக்கு இதவிட என்ன வேணும்.

சரக்கு என்னன்னா ஸ்டார். பையனுக்கு ரெண்டுல இருந்து அஞ்சு ஸ்டார் வரைக்கும் போடுவாங்க. 247ல வருஷத்துக்கு சுமாரா 32 பேருக்குத்தான் அஞ்சு, ஏன்னா என்எஃப்எல்னு இருக்கற ப்ரொஃபஷனல் லீக் டீமுங்க காலேஜ் பசங்கள எடுக்கற டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல 32 பேர எடுப்பாங்க, அந்த கணக்கு. பையன் "நான் உங்க காலேஜுக்கு வரேன்"னு சொல்றது கமிட், ஆனா அது வாய் வார்த்தை, பொண்ணுக்கு பூ வச்சிட்டு போற மாதிரி. டிசம்பர்ல கையெழுத்து போட்டாத்தான் கல்யாணம். நடுவுல வேற பெரிய எடத்து சம்பந்தம் வந்தா மாறிடுவான். கல்யாணத்துக்கு அப்புறமும் 2018ல வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கு, காலேஜ் மாற விரும்பறவங்க பேர் குடுக்கற லிஸ்ட், ஜனவரில பொட்டிய தூக்கிட்டு அடுத்த காலேஜுக்கு போயிடலாம். 2021 ஜூலைல இருந்து பசங்க அவங்க பேரையும் போட்டோவையும் வச்சு சம்பாதிக்கலாம்னு ஆனதும் இந்த கிசுகிசுக்கு இன்னும் கிராக்கி கூடிடுச்சு, 2024 டீமுக்கு மட்டும் இருபது மில்லியன் டாலர் பக்கம் போச்சுன்னு ஒஹையோ ஸ்டேட் ஸ்போர்ட்ஸ் டைரக்டரே வெளிப்படையா சொன்னாரு. இவ்ளோ காசு புழங்கற எடத்துல "உள்ள என்ன நடக்குது"ன்னு சொல்றவனுக்கு ஏன் பத்து டாலர் கெடைக்காது சொல்லுங்க.

ஜெரமையா ஸ்மித் கதைய சொல்லியே ஆகணும். ஃப்ளோரிடா பையன், ரிசீவர், அதாவது எறியற பந்த ஓடிப் போய் புடிக்கறவன், அந்த வருஷ பசங்கள்ல நாட்டுலயே நம்பர் ஒன். 2023 டிசம்பர் 20, கையெழுத்து நாள். பகல்ல எல்லார் முன்னாடியும் ஒஹையோ ஸ்டேட்தான்னு சொல்லிட்டான், ஆனா கையெழுத்து போட்ட பேப்பர் வரல. மணி நாலாச்சு, அஞ்சாச்சு, இருட்டியாச்சு, வரல. என் பக்கத்து சீட்டு ஆளு காசு கட்ற ஆளு, அன்னிக்கு பூரா வேலையே பாக்கல, பேஜ ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தாரு, மியாமி காலேஜ்காரன் தூக்கிட்டான்னு ஒருத்தன் போடுவான், இல்ல அம்மா ஒத்துக்கலன்னு இன்னொருத்தன். ராத்திரிதான் பேப்பர் வந்துச்சு. நான் வீட்டுக்கு போய் ரசம் சாதம் சாப்ட்டு, போன பாத்தா ஓசி சைட்லயே பெருசா போட்டிருந்தான். அவருக்கு கெடைச்சது பத்து மணி நேர நெஞ்சு வலி, எனக்கு கெடைச்சது செய்தி. ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், அடுத்த நாள் அவரு அந்த கதைய சொன்னப்ப இருந்த சந்தோஷம் எனக்கு இல்ல. அதுக்குத்தான் அவங்க காசு கட்றாங்க போல.

இன்னொரு பக்கமும் பாருங்க. 2024 சீசன் குவார்ட்டர்பேக் (பந்த எறியற ஆளு) வில் ஹவர்டு, ஹைஸ்கூல்ல இவங்க மூணு ஸ்டார் போட்ட பையன், கன்சாஸ் ஸ்டேட்ல ஆடிட்டு இங்க வந்தாரு. 2025 ஜனவரி 20 நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல நோட்ர டாம் காலேஜுக்கு எதிரா கடைசி நேரத்துல அந்த மூணு ஸ்டார் ஹவர்டு எறிஞ்ச பந்த அஞ்சு ஸ்டார் ஸ்மித் புடிச்சாரு, 56 யார்டு, மேட்ச் முடிஞ்சுது. 34-23.

ஓசில என்ன கிடைக்கும்னு கேட்டா, கொலம்பஸ்க்கு வந்தது உங்க அதிர்ஷ்டம். இலெவன் வாரியர்ஸ்னு ஒரு சைட், 2006ல இருந்து நடத்தறாங்க, ரெக்ரூட்டிங் செய்தி உட்பட தெனமும் போடுவாங்க, பூட்டு கெடையாது. புதுசா பாக்கறவங்க இத மட்டும் படிச்சாலே ஆபீஸ் பேச்சுக்கு தாராளம். தி லான்டர்ன், யூனிவர்சிட்டி பசங்க நடத்தற பேப்பர், 1881ல ஆரம்பிச்சது, அதுவும் ஓசி. கோச் ரையன் டே சீசன்ல வாரா வாரம் பேசற பிரஸ் மீட் யூடியூப்ல முழுசா வரும், அத சமைக்கும்போது ஓட விடுங்க, இங்கிலீஷ் காதுக்கு பழகறதுக்கும் நல்லது. கார்ல 97.1 எஃப்எம் வச்சா மேட்ச் கமெண்டரியும் வரும், மீதி நேரம் பெருசுங்க ஃபோன் போட்டு கோச்ச திட்றதும் வரும். லைப்ரரி கார்டும் எடுத்து வச்சுக்கோங்க, ஓசிதான், செய்தித்தாள் படிக்க மட்டும் இல்ல, குழந்தைங்களுக்கும் உதவும்.

மேட்ச் பாக்க உடனே கேபிள் எடுக்காதீங்க. இருபது முப்பது டாலருக்கு ஒரு ஆன்டெனா வாங்கி ஜன்னல்ல ஒட்டுங்க, ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணும் காத்துலயே வரும், பெரிய மேட்ச் பாதிக்கு மேல அதுலதான். பிக் டென் நெட்வொர்க்ங்கற கேபிள் சேனல்லயோ பீகாக்ங்கற ஸ்ட்ரீமிங் ஆப்லயோ மட்டும் வர்ற மேட்சுக்கு நண்பர் வீட்டுக்கு போங்க, கைல ஒரு டப்பா முறுக்கோட.

ஓசின்னா முழு ஓசி இல்லங்கறதையும் சொல்லிடறேன். விளம்பரம் தாங்காது, அதுவும் பெட்டிங் விளம்பரம். ஒஹையோல 2023 ஜனவரி 1ல இருந்து ஸ்போர்ட்ஸ் பெட்டிங் சட்டப்படி ஓகே, 21 வயசு ஆயிருக்கணும். "அஞ்சு டாலர் போடு, நூறு டாலர் போனஸ்"னு வரும். மாசம் பத்து டாலர் மிச்சம் புடிச்சிட்டு இங்க ஐநூறு விட்ட தம்பிங்கள எனக்கு தெரியும். அந்த பக்கமே போகாதீங்க.

என் கதை கேவலம். ரெண்டாவது வருஷம் ஒரு சைட்ல ஒரு டாலர் ஆஃபர்ல சேந்தேன், எந்த சைட்னு வேணாம். படிச்சேன், மறந்தேன். ஒரு நாள் ஸ்டேட்மெண்ட்ல வருஷ சந்தா மொத்தமா கிட்டத்தட்ட நூறு டாலர் எடுத்திருக்கான். நான்தான் சின்ன எழுத்த படிக்கல. கேன்சல் பட்டன தேடி கண்டுபிடிக்கறதுக்குள்ள இன்டியன் எம்பஸி பாஸ்போர்ட் ஃபார்மே பரவால்லன்னு ஆயிடுச்சு. அதனால ட்ரையல் எடுத்தீங்கன்னா எடுத்த அன்னிக்கே ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ணுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, டெபிட் கார்டு குடுக்காதீங்க.

அப்ப யாரு காசு கட்டலாம்? ரெண்டு சீசன் ஓசில பாத்துட்டு, டிசம்பர்லயும் ஜனவரிலயும் கை அரிச்சா, அந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் மாச சந்தா கட்டி வெளிய வந்துடுங்க. கையெழுத்தும் போர்ட்டலும் அப்பத்தான். ஜூலைல கட்றது வெயில் காலத்துல ஸ்வெட்டர் வாங்கற மாதிரி. இன்னொண்ணு, காசு கட்டி படிச்சத காப்பி பண்ணி நம்ம வாட்சப் குரூப்ல ஒட்டாதீங்க, சைட்டுக்காரங்க கண்டுபிடிச்சா அக்கவுண்ட தூக்கிடுவாங்க, வாயால சொல்லுங்க. ஸ்டூடண்ட் விசால இருக்கறவங்க யாராச்சும் சின்ன சைட்காரங்க "போட்டோ எடுத்து குடு, காசு தரேன்"னு கேட்டா, அதுவும் வேலைதான்னு ஞாபகம் வச்சு உங்க யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுட்டு செய்ங்க.

கடைசியா மிச்சிகன் வாரம், நம்ம டீமோட பரம எதிரியான மிச்சிகன் யூனிவர்சிட்டிகூட மேட்ச். நவம்பர் கடைசி சனிக்கிழமை, தேங்க்ஸ்கிவிங்குக்கு ரெண்டு நாள் கழிச்சு. கேம்பஸ்ல போர்டுல இருக்கற எம் எழுத்து மேல எல்லாம் செவப்பு டேப்ல எக்ஸ் போட்டிருப்பாங்க, பயப்படாதீங்க. மிச்சிகன் பேரே சொல்ல மாட்டாங்க, "வடக்க இருக்கற அந்த டீம்"பாங்க. 2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு வருஷம் தொடர்ந்து அவங்ககிட்ட தோத்தாங்க, 2024ல சொந்த ஊர்லயே 13-10, கோச் ரையன் டேவ வீட்டுக்கு அனுப்புன்னு ஊரே கத்துச்சு, 51 நாள் கழிச்சு அதே ஆளு சாம்பியன். அந்த சனிக்கிழமை மட்டும் கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பிறந்தநாள் எதுவும் வைக்காதீங்க, ஐயருக்கே வழி கெடைக்காது.