போர்தோ சிவப்பு ஒயினைச் சுவைத்து அறியும் முறை

பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடி, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகக் கடலை நோக்கிச் செல்லும் இடத்தைச் சுற்றி அமைந்ததே போர்தோ ஒயின் நிலம். இடக்கரையின் மெதோக் பகுதி கூழாங்கல் நிலம். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தக்கவைக்கும் அந்த நிலத்தில்தான், தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவிஞோன் திராட்சை முழுமையாகக் கனிகிறது. வலக்கரையின் சான்தெமிலியோன், பொமெரோல் ஊர்களில் களிமண் மிகுதி. அங்கே முன்னதாகவே பழுத்துவிடும் மெர்லோவுக்குத்தான் முதலிடம். பெரும்பாலான புட்டிகளில் இவ்விரண்டும் கலந்தே இருக்கும். எனவே, பழக விரும்புவோர் ஒரே ஆண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே விலையுள்ள இடக்கரைப் புட்டி ஒன்றையும் வலக்கரைப் புட்டி ஒன்றையும் வாங்கி அருகருகே வைத்துச் சுவைப்பது நல்லது. ஒன்றை மட்டும் தனியே அருந்தினால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் சொல்ல எதுவும் அகப்படாது.

ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் ஆல்கஹாலின் நெடி மற்ற மணங்களை அமுக்கிவிடும். மிகவும் குளிர்ந்தால் துவர்ப்பு மட்டுமே தூக்கலாகத் தெரியும். இளம் ஒயினை அகன்ற அடியுள்ள கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடலாம். பல ஆண்டு பழையது என்றால், புட்டியை முதல் நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் தங்கச் செய்து, பிறகு மெல்லச் சாய்த்து ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்திவிட வேண்டும். அதை நெடுநேரம் காற்றில் வைத்தால் எஞ்சியிருக்கும் மென்மணமும் பறந்துவிடும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துப் பார்த்தால், இளம் ஒயினின் விளிம்பு ஊதாச் சாயலிலும், முதிர்ந்ததன் விளிம்பு செங்கல் நிறத்திலும் தெரியும். நிறத்தில் இதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

முதலில் கோப்பையைச் சுழற்றாமல் முகருங்கள். பின்னர் சுழற்றி முகருங்கள். இடக்கரை ஒயினில் கருந்திராட்சையை ஒத்த கசிஸ் என்னும் சிறு கனியின் மணமும், பென்சில் சீவும்போது எழும் தேவதாரு மர வாசனையும் வரும். வலக்கரை ஒயினில் பிளம் பழத்தின் கனிவு முன்னிற்கும். வனிலா மணம் 225 லிட்டர் ஓக் பீப்பாய் தந்தது. நனைந்த அட்டைப்பெட்டி போன்ற பூஞ்சை வாடை அடித்தால் அது தக்கையால் வந்த கேடு. எவ்வளவு காற்றாட விட்டாலும் அது போகாது. அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

வாயில் ஒரு மிடறு எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எங்கும் பரவ விடுங்கள். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாய் வழுவழுப்பை இழந்து உலர்கிறது. பாக்கு மென்றவருக்கும் நாவற்பழம் தின்றவருக்கும் இந்தத் துவர்ப்பு புதிதன்று. அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்த நமக்கு இது ஒரு குறையாகத் தோன்றவும் கூடாது. கவனிக்க வேண்டியது அதன் அளவை அன்று, அதன் தன்மையை: வெல்வெட்டுத் துணியைத் தடவுவதுபோல இருக்கிறதா, அல்லது பச்சை வாழைக்காய்ப் பால் பட்டதுபோல் ஈறைப் பிடிக்கிறதா? கொழுப்புள்ள ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு அதே ஒயினை மீண்டும் அருந்தினால் பிடிப்பு தளர்ந்திருப்பதை உணரலாம். விழுங்கிய பின்னும் சுவை எத்தனை நொடி தங்குகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். என் கணக்கில் தரத்துக்கு அதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

பெயர்ச்சீட்டில் 1855ஆம் ஆண்டுத் தரவரிசை குறிக்கப்பட்டிருந்தால் மிரள வேண்டாம். அது அன்றைய சந்தை விலையைக் கொண்டு தரகர்கள் வகுத்த ஒயின் பண்ணைகளின் பட்டியல். வலக்கரைக்கு அதில் இடமே இல்லை. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்து என்னும் மெதோக் பண்ணை முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது மட்டுமே அதில் நேர்ந்த பெரிய மாற்றம். ஆகையால் இரு புட்டிகளையும் துணியால் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லிச் சுவைத்து, தோன்றியதைக் குறித்து வையுங்கள். இரு கோப்பைகளிலும் சிறிது மிச்சம் வைத்து, அரை மணி கழித்து மீண்டும் முகர்ந்து பார்த்து, முதலில் எழுதிய குறிப்பில் எதை அடிக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.