ஆட்டோமவுண்ட் அப்பப்ப மட்டும் சொதப்புதா? மொதல்ல ரீஸ்டார்ட் அடிக்காதீங்க

யூசர் வந்து "ஹோம் டைரக்டரி வரலை"ம்பாரு, நாம போய் நின்னா ஜம்முனு வரும். லினக்ஸ்ல ஆட்டோஎஃப்எஸ் (யாராவது கேட்கும்போது மட்டும் டைரக்டரியை தானா மவுண்ட் பண்ற, அதாவது இணைச்சுக் குடுக்குற சர்வீஸ்) வச்சு என்எஃப்எஸ் (வேற சர்வர்ல இருக்குற ஃபைலை நெட்வொர்க் வழியா எடுக்குற முறை) மவுண்ட் பண்றவங்க எல்லாருக்கும் இந்த கூத்து தெரியும்.

முதல் தப்பு, உடனே ஆட்டோஎஃப்எஸ்ஸை ரீஸ்டார்ட் பண்றது, நிஜ காரணம் தெரியாமலே போயிடும். அவசரப்பட்டு எதையாவது மாத்துறதும் அப்படித்தான். ஒரு மவுண்ட் ஃபெயில் ஆச்சுன்னா அந்த டைரக்டரி பேரை ஆட்டோஎஃப்எஸ் ஞாபகம் வச்சுக்கிட்டு டிஃபால்ட்டா 60 செகண்டுக்கு மறுபடி ட்ரை பண்ணவே பண்ணாது, கேட்டா அப்படி ஒரு டைரக்டரியே இல்லைனு சொல்லும். நீங்க டிஎன்எஸ்ஸை (சர்வர் பேரை ஐபி அட்ரஸா மாத்துறது) சரி பண்ணிட்டு உடனே சிடி (டைரக்டரிக்குள்ள போற கமாண்ட்) அடிச்சா வராது, சரி அது இல்ல போலனு ஃபயர்வால்ல எதையோ நோண்டுவீங்க, அதுக்குள்ள 60 செகண்ட் ஓடிருக்கும், மவுண்ட் ஆயிடும், ஃபயர்வால்தான் காரணம்னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுவீங்க. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். ஆட்டோஎஃப்எஸ் கான்ஃபிக்ல லாகிங்கை டீபக்னு மாத்தி வச்சுட்டு, அடுத்த தடவை ஃபெயில் ஆகும்போது ஜர்னல்ல (சிஸ்டம் பதிவுல) என்ன வருதுனு பாருங்க, கையை வைக்காம.

பிங் போகுதே, அப்ப நெட்வொர்க் ஓகேனு சொல்றதும் தப்புதான். என்எஃப்எஸ் வெர்ஷன் 3-ன்னா போர்ட் 2049 மட்டும் பத்தாது, 111-ம் வேணும், மவுண்ட்-டி-க்கு (மவுண்ட் கேட்குறதுக்கு பதில் சொல்ற சர்வர் ப்ரோக்ராம்) தனி போர்ட்டும் வேணும். அந்த போர்ட்டை ஃபிக்ஸ் பண்ணாம விட்டிருந்தா சர்வர் ரீபூட் ஆகுறப்ப மாறலாம், ஃபயர்வால்ல பழைய நம்பர் உட்கார்ந்திருக்கும். வெர்ஷன் 4-க்கு 2049 மட்டும் போதும், ஆனா 4 மட்டுமே குடுக்குற சர்வர்ல ஷோமவுண்ட் (சர்வர் எதையெல்லாம் ஷேர் பண்ணுதுனு காட்டுற கமாண்ட்) எரர் அடிக்கும், அதைப் பார்த்து பதறாதீங்க.

ரீபூட் பண்ணா சில நாள் வருது, சில நாள் வரலைன்னா, மேப் (எந்த டைரக்டரி எந்த சர்வர்ல இருக்குங்கற பட்டியல்) எல்டாப்ல (நெட்வொர்க்ல இருக்குற பொது யூசர் டேட்டாபேஸ்) இருக்கானு பாருங்க. நெட்வொர்க்கோ எஸ்எஸ்எஸ்டியோ (எல்டாப்ல இருந்து தகவல் எடுத்துத் தர்ற சர்வீஸ்) எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஆட்டோஎஃப்எஸ் எழுந்தா அதுக்கு மேப் கிடைக்காது.

எங்களை ரெண்டு நாள் தூங்கவிடாம பண்ணது வேற. ஒரே இமேஜ்ல இருந்து நாலு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) க்ளோன் பண்ணி ஹோஸ்ட்நேமை மாத்த மறந்துட்டோம், நாலும் லோக்கல்ஹோஸ்ட். என்எஃப்எஸ் வெர்ஷன் 4.1-ல லினக்ஸ் க்ளையண்ட் ஹோஸ்ட்நேமை வச்சுதான் தன்னை சர்வர்கிட்ட அறிமுகப்படுத்திக்கும், அதனால ரெண்டாவது விஎம் வந்தா சர்வர் "ஓ, பழையவன் ரீபூட் ஆயிட்டான்"னு நினைச்சு முதல் விஎம் ஃபைல்ல போட்டிருந்த பூட்டு (லாக்), ஓப்பன் ஃபைல் எல்லாத்தையும் தூக்கிடும். ஒண்ணு ஒண்ணா டெஸ்ட் பண்ணா பிரச்சனையே வராது, அதான் கொடுமை. பேரை மாத்தி ரீபூட் பண்ணதும் நின்னுச்சு.

அப்புறம், ஹேங் ஆகுதேனு மவுண்ட்ல சாஃப்ட் ஆப்ஷன் (சர்வர் பதில் சொல்லலைன்னா கொஞ்ச நேரத்துல எரர் குடுத்து விட்டுடுறது) போடாதீங்க, ரைட் பாதியில செத்தா டேட்டா கெட்டுப்போற வாய்ப்பு இருக்கு, நிறைய ப்ரோக்ராம் அந்த எரரை கண்டுக்கவே கண்டுக்காது. எல்எஸ் (டைரக்டரியில என்ன இருக்குனு காட்டுற கமாண்ட்) அடிச்சா /home காலியா இருக்குனு வர்ற டிக்கெட்டுக்கு வேலையே இல்ல, ப்ரௌஸ் மோட் (மவுண்ட் ஆகுறதுக்கு முன்னாடியே பேரையெல்லாம் காட்டுற வசதி) ஆஃப்ல இருந்தா அப்படித்தான் இருக்கும், உள்ள இருக்குற பேரை சொல்லி சிடி பண்ணச் சொல்லுங்க.