மேக்ரோ இல்லாத வேர்டு கோப்பும் ஆபத்தாகலாம்

கோப்புக்குள் பதிந்து தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பான மேக்ரோவை இயக்காவிட்டால் வேர்டு கோப்பால் தீங்கு வராது என்று பலரும் நம்புகின்றனர். 2017 நவம்பரில் வெளிவந்த சிவிஇ-2017-11882 என்னும் பட்டியல் எண் கொண்ட பாதுகாப்புக் குறைபாடு அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸில் கணிதச் சமன்பாடுகளை எழுதப் பயன்பட்ட, 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஈக்வேஷன் எடிட்டர் என்னும் பழைய நிரல், எழுத்துருவின் பெயரை நினைவகத்தில் பதியும்போது அதன் நீளத்தைச் சரிபார்க்கவில்லை. ஆகவே அளவுக்கு மீறி நீண்ட ஒரு பெயரைக் கோப்பில் புகுத்தியவர், அதைத் திறப்பவரின் கணினியில் தம் கட்டளையை ஓடவிட முடிந்தது. 2018 ஜனவரியில் அந்த நிரலையே மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. அப்டேட் செய்யாத கணினியில் ஓட்டை இன்றும் அப்படியே இருக்கிறது.

எனவே வேர்டில் ஃபைல், அக்கவுன்ட், அப்டேட் ஆப்ஷன்ஸ் என்ற வரிசையில் சென்று, அப்டேட் நவ் என்பதை அழுத்துங்கள். ஆபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அவற்றை வைத்திருப்போர் புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

மின்னஞ்சலில் வந்த கோப்பின் மேல் மஞ்சள் பட்டை தெரிந்தால், அது படிக்க மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு நிலையில் திறந்திருக்கிறது என்று பொருள்; படிப்பதற்கு மட்டுமாயின் 'எனேபிள் எடிட்டிங்' பொத்தானைத் தொடவே வேண்டாம். அதை அழுத்தச் சொல்லிக் கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். பென் டிரைவில் வரும் கோப்புக்கு இந்தப் பட்டை பெரும்பாலும் தோன்றாது என்பதால், பட்டை இல்லை என்று மட்டும் அதை நம்பிவிடக் கூடாது.

2022-இல் வெளிப்பட்ட ஃபோலினா என்னும் மற்றொரு குறைபாட்டில், வேர்டில் திறக்கும் இன்னொரு ஆவண வகையான ஆர்டிஎஃப் கோப்பை, திறக்காமலேயே விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் பிரிவியூ (முன்னோட்டப்) பகுதியில் பார்த்தாலே தாக்குதல் தொடங்கிவிடக்கூடும் என்பதால், ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தி அப்பகுதியை மூடி வைப்பதும் நல்லது.